எனக்கு முன்னால் அறுக்கப்பட்ட இருவர்

எனது வலது நுரையீரலின் கீழ்ப்பாகம் இப்போது என்னிடம் இல்லை. மற்றவையெல்லாம் பத்திரமாக இருக்கின்றன, சந்தேகமும் சேர்த்து. நமது வாலிபர் சங்கத்து நண்பர்கள் வாரம் ஒருவராக வந்து, "எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல மூச்சுப் போதவில்லை. அதனால் சங்கப் பத்திரிகையில் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். இதை வாசித்துவிட்டு வந்தால் வேறு பேச்சுப் பேசலாம்.

மலேரியா வந்து ஊரூராகச் சுருட்டிப் போட்டதே, அதற்கு அடுத்த வருடம். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓர் இருமல். கைக்குட்டையில் சிவப்பு. பள்ளிக்கூடத்தில் சிவப்புச் சோக்குக்கட்டி தீர்ந்து ஒரு மாதமாகியிருந்ததால் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

இரத்தம் துப்புகிறவனுக்கு ஊரில் ஒரே பெயர்தான்: சயரோகி. தலைமையாசிரியர் நான் கேட்பதற்கு முன்பே லீவு கொடுத்தார். கொடுக்கும்போது ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டார். என்னை வளர்த்த ரோசம்மா அக்கா ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் நான் எதையும் திருப்பிப் பார்க்கிறவன். என் தம்ளரின் அடியில் ஆணியால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி கீறியிருந்தது. காப்பியைக் குடித்துவிட்டு, குறி அவள் கண்ணில் படும்படி தம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் பார்த்தால் வீட்டிலுள்ள ஏழு தம்ளர்களின் அடியிலும் பெருக்கல் குறி.

"இது எப்பக்கா வந்துச்சு?"

"கடையில வாங்குறப்பவே இருந்துச்சு. பேசாமக் குடி."

அன்று முதல் யார் தம்ளர் யாருடையது என்று அவளுக்கும் தெரியாமல் போயிற்று. அவளுடைய புருஷன் சூசை மச்சான், முனிசிபல் தண்ணீர்க்குழாய் வேலைக்காரர், "நானும் பயந்தவந்தான் மாப்புள, ஆனா காப்பி ஆறுதே" என்று எது கைக்கு வந்ததோ அதில் குடித்தார்.

மலைமேல் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. என் சளியை மூன்று தடவை கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்கள். சயக் கிருமி இல்லை. சந்தோஷப்பட வேண்டியவன், வேறு யாருடைய சளியையோ மாற்றிப் பார்த்துவிட்டார்களோ என்று யோசித்தேன். பிறகு எக்ஸ்ரே. உடம்புக்குள் ஒளியைப் பாய்ச்சி எலும்பின் நிழலைப் படமாகப் பிடிப்பது அது. என் படத்தில் வலது பக்கம், விலா எலும்புகளுக்குப் பின்னால், எலுமிச்சங்காய் அளவில் ஒரு வெள்ளை.

அதற்கும் பிறகுதான் குழாய். தொண்டையில் கசப்பு மருந்தைத் தடவி மரக்கப்பண்ணி, தலையை மேசைக்கு வெளியே தொங்கவிட்டு, நுனியில் குட்டி விளக்கு எரியும் நீண்ட குழாயை வாய்வழியாக மூச்சுக்குழலுக்குள் இறக்குவார்கள். வாள் விழுங்குகிறவனைச் சந்தையில் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இனிமேல் சிரிக்கமாட்டேன். டாக்டர் ஒற்றைக் கண்ணால் குழாய்க்குள் பார்த்தபடியே உள்ளிருந்து ஒரு துணுக்குச் சதையைக் கிள்ளி எடுத்தார். அது கொழும்புக்குப் போய், அங்கே பூதக்கண்ணாடியில் பார்த்து, பதில் வர மூன்று வாரம்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். சீமைக்குப் போய் நெஞ்சு அறுக்கப் படித்து வந்தவர். ஒல்லி. பேசும்போது ஆளின் முகத்தைப் பார்க்காமல் மார்பைப் பார்ப்பார்.

"தம்பி, இது சயம் இல்லை. புற்று. சதை தன்ர பாட்டுக்கு வளருது. அந்தப் பக்கத்து நுரையீரலின்ர கீழ்த்துண்டை அடியிலே கட்டி, வெட்டி எடுத்துவிடோணும்."

"எடுக்காட்டி?"

"வளரும்."

"எடுத்தா?"

அவர் என் எக்ஸ்ரே படத்தை உறைக்குள் போட்டார். அங்கேதான் என் மூக்கில் சந்தேக வாடை அடித்தது.

"சீமையிலயே இப்பதான் இதுக்குக் கத்தி வைக்கத் துவங்கியிருக்கினம். வெட்டினாப் பிறகு எத்தினை வருசம் இருப்பினம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஏனெண்டால் இன்னும் அத்தினை வருசம் ஆகேல்லை."

"இங்க யாருக்காவது செஞ்சிருக்கீங்களா?"

"உமக்கு முன்னால ரெண்டு பேர். ரெண்டு பேரும் தங்கட காலால நடந்து வீட்டை போனவை."

"போனாங்க சரி. போய்?"

"அது தெரியாது," என்றார். "ஆஸ்பத்திரிக் கேற்றோட என்ர கண் முடிஞ்சு போகுது."

இந்த வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி நடந்தவர்கள் நடந்துகொண்டே இருக்கிறார்களா, மூன்றாவது வளைவில் விழுந்துவிட்டார்களா? என் நெஞ்சைத் திறக்கக் கொடுப்பதற்கு முன் எனக்குத் தெரிந்தாக வேண்டியது இது ஒன்றுதான்.

என்னை வார்டில் சேர்த்தார்கள். பக்கத்துப் படுக்கையில் திகன ஊர் ஹனீபா நானா, துணி வியாபாரி. அவருக்கு நெஞ்சுக்குள் சீழ் கட்டி, விலா எலும்பில் ஒரு துண்டு வெட்டி, ரப்பர்க் குழாய் வைத்திருந்தார்கள். குழாயின் மறுமுனை கட்டிலுக்கு அடியில் ஒரு போத்தல் தண்ணீருக்குள். உள்ளேயிருந்து காற்றும் சீழும் வெளியே வரும், வெளிக்காற்று உள்ளே போகாது, அதற்குத்தான் தண்ணீர். நானா இருமினால் போத்தல் குமிழி விடும். "ஹுக்கா இழுக்குது பாருங்க வாத்தியார் தம்பி," என்பார். "எங்க வாப்பாவுக்குக்கூடக் கெடைக்காத சொகம்."

தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் நோயாளிகள் சொல்வதை இங்கிலீஷில் நர்ஸுக்கு எடுத்துச் சொல்லும் வேலை இரண்டாம் நாளே என் தலையில் விழுந்தது. அந்தச் சாக்கில் வார்டுப் பதிவுப் புத்தகம் என் கைக்கு வந்தது. இரண்டு பெயர்களையும் தேடி எடுத்தேன். ஒருவர் வத்தேகமக் கடையொன்றில் வேலைபார்த்தவர். மற்றவர் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்த பழனியாண்டி. இருவருக்கும் நேராக "சுகமடைந்து வெளியேறினார்" என்று எழுதியிருந்தது. இருவருக்கும் ஒரே சொற்கள், ஒரே பேனா. எழுதுகிறவருக்கு இதைத்தவிர வேறு எழுதத் தெரியுமா என்று நினைத்துக்கொண்டேன்.

பதில் கார்டு இணைத்த தபாலட்டைகள் இரண்டு வாங்கிவரச் சொல்லி, ஒன்றை வத்தேகமக் கடைக்கும் மற்றதைத் தெல்தோட்டைத் தோட்டத்து ஆபீசான கந்தோருக்கும் எழுதினேன். மேற்படியார் உயிரோடு இருக்கிறாரா, வேலை செய்கிறாரா?

நானா பார்த்துக்கொண்டே இருந்தார். "தம்பி, மவுத்தானவன் காயிதம் போடமாட்டான். சொகமானவனும் போடமாட்டான், அவனுக்குச் சோலி இருக்கும். காயிதம் போடுறது ஒங்களப்போலப் படுத்துக் கெடக்கிறவங்கதான்."

வத்தேகமப் பதில் முதலில் வந்தது. ஆள் கப்பலேறி இந்தியாவிலுள்ள ஊருக்குப் போனார், சேர்ந்ததாக ஒரு கடிதம் வந்தது, அப்புறம் ஒன்றும் இல்லை. இதை உயிர்ப் பக்கத்தில் போடுவதா, சாவுப் பக்கத்தில் போடுவதா? ஐந்து நாள் கழித்துத் தெல்தோட்டைக் கார்டு வந்தது. கந்தோர் எழுத்து, ஒரே வரி: பழனியாண்டி நான்கு மாதங்களுக்கு முன் இறந்துபோனார்.

கார்டை டாக்டரிடம் நீட்டினேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மிதப்பு எனக்கு, மறைக்கவில்லை. அவர் இரண்டு தடவை வாசித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கறுப்பு நோட்டை எடுத்து, ஒரு பக்கத்தைத் தேடி, ஒரு சொல் எழுதி மூடினார். முகம் சாம்பலாகிப் போயிற்று.

"பத்து நாள் வீட்டை போய் யோசிச்சு வாரும். நான் வற்புறுத்தமாட்டன்."

வீட்டுக்குப் போனேன். அறுப்பதில்லை என்று முடிவாகிவிட்டது. ஆனாலும் அந்த ஒரே வரி என்னை அரித்தது. எப்படிச் செத்தான்? வெட்டிய இடம் புழுத்தா, புற்று திரும்பி வந்தா? டாக்டர் தெரிந்தும் மறைத்தாரா? "செத்தவன் வீட்டுக்குப் போயி என்னாத்தக் கேக்கப்போற?" என்று அக்கா கத்தினாள். கத்திவிட்டு வழிக்குச் சோறு கட்டித் தந்தாள். மச்சான் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தார். பஸ் வளைந்து வளைந்து ஏறியது. இறங்கிய இடத்திலிருந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயம் கீழே, பள்ளத்தில். இறங்குவது எனக்குச் சுலபமாக இருந்தது.

பழனியாண்டி வீடு என்று கேட்டோம். அவருடைய ஒற்றை அறைக் காம்பராவின் வாசலில் ஒரு பெண் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தான்.

"அவரு போயிட்டாருங்களே," என்றாள் பெண். "வெசக் காய்ச்சல்ல. எட்டே நாளு."

"காய்ச்சலா? நெஞ்சுல அறுத்தாங்களே, அதனால இல்லையா?"

அவள் கை நின்றது. அந்த ஆளைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்க்காமல் செதுக்கினான். வலது கை மட்டும்தான் வேலை செய்தது. இடது தோள் ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. முதுகுச் சதையை வெட்டித் திறப்பதால் தோள் சரியும் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார்.

"நீங்க யாரு?" என்றேன்.

"அவரோட தம்பிங்க இவரு, வேலு," என்றாள் அவள் அவசரமாக.

"சட்டையக் கழட்டுங்க."

அவன் எழுந்தான். "நீ யாருய்யா? போலீஸா? தொர அனுப்புனானா?"

மச்சான் நடுவே புகுந்தார். "கோவிச்சுக்காதீங்க அண்ணே. இவன் வாத்தியாரு, பேச்சே அப்பிடித்தான். இவனுக்கும் அதே வியாதி. அதே டாக்டருதான் அறுக்கணும்னு சொல்றாரு."

வேலு என்னை மேலும் கீழும் பார்த்தான். என் முகவெளுப்பு சாட்சி சொல்லியிருக்கவேண்டும். உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சட்டையைத் தூக்கினான். முதுகில் தொடங்கி, இடது கை இடுக்கின் கீழ் வளைந்து, மார்பு வரை ஒரு தழும்பு.

கதை இதுதான். வேலு தோட்டத்தை விட்டுக் கண்டியில் ஒரு சோற்றுக்கடையில் வேலைக்குப் போனவன். அதனால் தோட்டத்துப் பதிவிலிருந்து அவன் பேரை வெட்டிவிட்டார்கள். இரத்தம் துப்பத் தொடங்கியதும் அண்ணன் லயத்துக்கே திரும்பினான். பேர் இல்லாதவனுக்குத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஆஸ்பத்திரியில் சேர்க்கத் துண்டு எழுதமுடியாது. நல்ல மனுஷர், பேர் உள்ள அண்ணனின் பேரில் எழுதிக்கொடுத்தார். வேலு பழனியாண்டியாகப் படுத்தான், பழனியாண்டியாக அறுபட்டான், பழனியாண்டியாகச் சுகமடைந்து வெளியேறினான். பிறகு உண்மைப் பழனியாண்டி காய்ச்சலில் போனார். கந்தோர் எனக்கு எழுதியதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை.

"வெளிய சொல்லிப்புடாதீங்க," என்றான். "துண்டு எழுதின ஐயாவுக்கு வேல போயிரும்."

(அந்த ஐயா இப்போது வேலையை விட்டு இந்தியாவுக்குப் போய்விட்டார். அதன் பிறகே இதை எழுதுகிறேன். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். தேடிப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள்.)

ஆள் உயிரோடிருப்பது மட்டும் எனக்குப் போதவில்லை. இரத்தம் வருகிறதா? இல்லை. இடது கை? தலைக்கு மேல் எழும்பாது. மூச்சு? "இருக்கு," என்றான். இருக்கு என்றால் எவ்வளவு? அண்ணிக்காரி குறுக்கிட்டாள்: "ஏத்தத்துல நின்னு நின்னுதான் வருவாரு. பொய் சொல்லுவாரு, நம்பாதீங்க."

லயத்திலிருந்து ரோட்டுக்குக் கல்படிகள் போகின்றன. ஏறிக் காட்டச் சொன்னேன். மச்சானுக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் கீழே நின்று உரக்க எண்ணினேன். முப்பத்தெட்டாம் படியில் வேலு நின்றான், இடுப்பில் கையை வைத்து மூச்சு வாங்கினான், மறுபடி ஏறினான். உச்சியிலிருந்து என்னைக் கூப்பிட்டான்.

"இப்ப நீங்க வாங்க, வாத்தியாரே."

ஏறினேன். பதினோராம் படியில் நெஞ்சு அடைத்தது. பன்னிரண்டாம் படியில் உட்கார்ந்துவிட்டேன். இருமினேன்; கல்லில் இரத்தம். வேலு இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றான்.

"இப்பச் சொல்லுங்க, செத்தவன் யாரு?"

மச்சானும் அவனுமாக என்னைத் தூக்கிக்கொண்டுதான் பஸ்ஸுக்குப் போனார்கள். பஸ்ஸில் மச்சான் ஒரு வார்த்தைதான் கேட்டார்: "எந்தக் கெழம அறுக்குறாங்க?"

டாக்டரிடம் வேலுவைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், அறுங்கள் என்று மட்டும் சொன்னேன். ஈதர் என்ற மயக்க மருந்தின் இனிப்பு நாற்றம் வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. முழித்தபோது என் கட்டிலுக்கு அடியிலும் ஒரு போத்தல். முதல் நான்கு நாட்கள் வலியைப் பற்றி எழுதப்போவதில்லை. எழுதினால் யாரும் அறுக்கக் கொடுக்கமாட்டீர்கள். மூச்சை இழுக்கவேண்டும், இருமவேண்டும், இல்லாவிட்டால் மிச்சமுள்ள நுரையீரல் சுருங்கிப்போகும் என்று நர்ஸ் விரட்டுவாள். இருமினால் யாரோ என்னை இரண்டாகப் பிளப்பதுபோல இருக்கும். அக்கா தலையணையை என் விலாவோடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டு, "இப்ப இருமு. நான் புடிச்சிருக்கேன்" என்பாள். ஒவ்வொரு இருமலுக்கும் அவளும் முகத்தைச் சுளித்தாள். நானாவுக்குக் குழாய் எடுத்துவிட்டார்கள்; அவர் எழுந்து வந்து என் போத்தலைப் பார்த்து, "நம்மட ஹுக்கா தம்பிட்ட வந்துட்டுது," என்றார்.

மூன்றாவது வாரம் எதிர்ப் படுக்கைக்கு ஒரு ஸ்டேஷன் போர்ட்டர் வந்தார். பெரிய உடம்பு, அதே சிவப்பு, எக்ஸ்ரேயில் அதே வெள்ளை. டாக்டர் அவரிடம் அறுவையைப் பற்றிப் பேசுவார் என்று காத்திருந்தேன். பேசவில்லை. நல்ல சாப்பாடு, ஓய்வு, அடுத்த வாரம் ஊருக்குப் போங்கள் என்றார். மார்பைப் பார்த்துப் பேசுகிறவர் அன்றைக்குத் தரையைப் பார்த்துப் பேசினார்.

நான் கொடுத்த கார்டின் வேலை இது என்று எனக்குப் புரிந்தது. மறுநாள் அவர் என் கட்டுப் பிரித்தபோது சொல்லிவிட்டேன்.

"டாக்டர், நீங்க அறுத்த அந்தத் தெல்தோட்ட ஆளு சாகல. உயிரோட இருக்காரு. பேரு மட்டும் கேக்காதீங்க."

அவர் கை நின்றது. "பேரில்லாத ஆளை நான் எப்பிடி எழுதுறது? எனக்கு ஆறுதலுக்குச் சொல்லுறீர்."

"ஆறுதலுக்குப் பொய் சொல்ற ஆளு மாதிரியா இருக்கேன்? அந்தக் கார்டை மட்டும் ஒடனே நம்புனீங்களே."

"அது கெட்ட செய்தி. கெட்ட செய்தியை ஆரும் சும்மா எழுதமாட்டினம்." கட்டை ஒட்டி முடித்தார். "ஆளைக் கொண்டு வாரும். என்ர தையலை நான் மறக்கமாட்டன். பேர் கேக்கேல்லை, சத்தியமாக் கேக்கேல்லை."

மச்சான் மறுபடி தெல்தோட்டைக்குப் போனார். வேலு வரமாட்டேன் என்றானாம். "ஒரு போர்ட்டரு உசிரு ஒன் முதுகுல தொங்குது" என்று மச்சான் சொன்னாராம். அதன் பிறகு வேட்டியை மாற்றிக்கொண்டானாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரம், வார்டுக்கு வராமல், டாக்டர் பங்களாவின் பின்வாசல் வழியாகக் கூட்டிவந்தார். நானும் கம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து போயிருந்தேன்.

டாக்டர் வேலுவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. சட்டையைக் கழற்றவைத்து, முதுகிலிருந்து விரலால் தழும்பைத் தடவிக்கொண்டே வந்தார். இடுக்கின் கீழே நிறுத்தினார்.

"இது நான். இந்த இடத்தில நூல் அறுந்து ரெண்டாந்தரம் போட்டனான்."

காதை வைத்துக் கேட்டார். தட்டிப் பார்த்தார். இரத்தம் வருகுதோ, பசிக்குதோ என்றெல்லாம் நான் லயத்தில் கேட்டதையே கேட்டார். பிறகு கறுப்பு நோட்டை எடுத்து, எழுதியிருந்த சொல்லை ஒரே கோடாக அடித்தார். "நாளைக்குக் காலமை அந்த போர்ட்டரோட கதைக்கோணும்," என்றார், எங்களிடம் அல்ல.

வேலு சட்டையைப் போட்டுக்கொண்டான். போகாமல் நின்றான்.

"ஐயா, அறுத்து எடுத்தீங்களே அந்தத் துண்டு, அத என்னா செஞ்சீங்க?"

டாக்டர் தயங்கினார். அப்புறம் அலுமாரியைத் திறந்து, பின்வரிசையிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தார். மருந்துத் தண்ணீரில் சாம்பல் நிறத்தில் ஒரு சதைக்கட்டி. வேலு குனிந்து, ஒரு பக்கம் பார்த்தான், சுற்றிவந்து மறுபக்கம் பார்த்தான்.

"இது என்னோடதுதானா?"

"ஓம்."

"எப்பிடிங்க தெரியும்?"

"அதில பேர் ஒட்டியிருக்கு."

வேலுவுக்கு எழுத்துத் தெரியாது. என்னைப் பார்த்தான். நான் வாசித்தேன்: "பழனியாண்டி."

வேலு போத்தலின் பக்கத்தில் விரலை வைத்தான். "அண்ணன் இதத் தொட்டுக்கூடப் பாத்ததில்ல," என்றான். பிறகு டாக்டரை நிமிர்ந்து பார்த்தான்: "பேரப் பாத்துத்தானா ஐயா சொல்றீங்க?"

சீமைக்குப் போய் வந்த அந்த மனுஷன் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நான் சிரிக்கக்கூடாது, தையல் இழுக்கும். விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சரி காணும்," என்றார் டாக்டர். "வருசத்துக்கு ஒருக்கா இஞ்ச வாரும். நான் உம்மட தழும்பைப் பாக்கிறன். நீர் போத்தலைப் பாரும். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நம்பத் தேவையில்லை."

வேலு யோசித்தான். வாசற்படி வரை போய்த் திரும்பினான்.

"வர்றேன். ஆனா அதுக்குள்ள போத்தல மாத்திப்புடமாட்டீங்களே?"